லாச்சோர் வைத்தியசாலை: ஒரு கையளிப்பின் வரலாறு

மிஷனரிமார் நிறுவிய வைத்தியசாலைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நிறுவியோரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கடல் கடந்து வந்த வைத்தியர், அவருடைய தியாகம், அவரால் உயிர் பிழைத்தோரின் நன்றி என்ற வரிசையிலேயே அவ்வரலாறுகள் அமைகின்றன. நிறுவியவர் மறைந்த பின்னர் அந்நிறுவனம் என்னவாயிற்று, அதனை ஏற்று நடத்தும் ஆற்றல் அம்மண்ணின் மக்களிடம் உருவாகியிருந்ததா என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. ஆயினும் ஒரு பணி நிறுவனத்தின் மதிப்பு இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. வட உகண்டாவின் குலு நகருக்கு மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தொலைவில் அமைந்துள்ள புனித மரியாள் லாச்சோர் வைத்தியசாலையின் வரலாறு இந்நோக்கில் ஆராயத்தக்கது.

பின்னணி

உகண்டா 1894ஆம் ஆண்டில் பிரித்தானியரின் பாதுகாப்புக்குட்பட்ட நாடாயிற்று. குடியேற்ற ஆட்சியின் பொருளாதாரக் கவனம் பருத்தியும் கோப்பியும் விளைந்த தென்பகுதியிலேயே குவிந்தது. அச்சோலி மக்கள் வாழும் வடபகுதியோ கூலியாட்களையும் படைவீரர்களையும் திரட்டுவதற்குரிய பிரதேசமாகவே கருதப்பட்டது. வீதி, பாடசாலை, வைத்தியசாலை ஆகிய யாவும் இவ்வேறுபாட்டைப் பின்பற்றியே பரவின. அங்கிலிக்கன் மிஷனைச் சேர்ந்த ஆல்பேர்ட் குக் 1897இல் தொடங்கிய மெங்கோ வைத்தியசாலையும், பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த அன்னை கெவின் 1903இல் தொடங்கிய நிசாம்பியா வைத்தியசாலையும் இன்றைய கம்பாலா நகரிலேயே அமைந்தன. வடக்கே வாழ்ந்த ஒரு தாய்க்குப் பேறுகாலச் சிக்கல் நேரின் அவள் நாடக்கூடிய இடம் வெகு தொலைவிலேயே இருந்தது.

வைத்தியத் துறையில் கத்தோலிக்கத் திருச்சபை எதிர்நோக்கிய சிக்கல் ஒன்றும் இங்கு குறிப்பிடத்தக்கது. குருமாரும் துறவியரும் வைத்தியத் தொழில் புரிவதில் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. சிறப்பாக, அருட்சகோதரிகள் மகப்பேற்றுப் பணியில் ஈடுபடுவது பொருத்தமற்றதெனக் கருதப்பட்டது. 1936ஆம் ஆண்டில் றோமாபுரி வெளியிட்ட அறிவுறுத்தல் ஒன்றே இத்தடையை நீக்கி, மகப்பேற்றுப் பணி உட்பட வைத்தியத்தின் எல்லாத் துறைகளிலும் அவர்கள் பயிற்சி பெற வழிவகுத்தது. கிராமப்புறங்களில் கத்தோலிக்க வைத்தியசாலைகள் 1936க்குப் பின்னர் விரைந்து பெருகியமைக்கு இம்மாற்றம் ஒரு முக்கிய காரணமாகும். லாச்சோர் வைத்தியசாலை தொடக்கத்தில் பெரிதும் மகப்பேற்று நிலையமாகவே இயங்கியது என்பதையும், அங்கு தாதியர் பணியைக் கொம்போனி அருட்சகோதரிகள் ஏற்றனர் என்பதையும் இதனோடு இணைத்து நோக்க வேண்டும்.

வட உகண்டாவில் கத்தோலிக்கப் பணியை மேற்கொண்டோர் கொம்போனி மிஷனரிமாராவர். வெரோனாக் குருமார் எனவும் அழைக்கப்பட்ட இவர்கள் 1911ஆம் ஆண்டில் குலுவை அடைந்தனர். இச்சபையின் தாபகரான இத்தாலியர் டானியேலே கொம்போனி (1831 - 1881) ஆபிரிக்காவில் பணிபுரிந்து, கார்ட்டூமில் உயிர்நீத்தவர். ஆபிரிக்காவின் மீட்சி ஆபிரிக்கரைக் கொண்டே நிகழ வேண்டும் என்பது 1864இல் அவர் வகுத்த திட்டத்தின் அடிப்படைக் கருத்தாகும். வெப்பவலய நோய்களினால் ஐரோப்பிய மிஷனரிமார் அடுத்தடுத்து மாண்டமையைக் கண்ட அனுபவமும் அக்கருத்துக்குப் பின்னால் இருந்தது. ஐரோப்பியர் நிலைத்து நிற்க முடியாத இடத்தில் அம்மண்ணின் ஆசிரியரும் தொழில்வினைஞரும் குருமாரும் உருவாக வேண்டும் என அவர் எண்ணினார். குடியேற்றவாதம் ஓங்கிய நூற்றாண்டில் எழுந்த இக்கருத்து பல இடங்களில் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. லாச்சோரில் அது எவ்வளவு தூரம் செயலாயிற்று என்பதே ஆராயப்பட வேண்டியதாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

லாச்சோர் வைத்தியசாலை 1959ஆம் ஆண்டில் குலு மறைமாவட்டத்தின் கீழ்க் கொம்போனி மிஷனரிமாரால் நிறுவப்பட்டது. அது ஏறத்தாழ 30 கட்டில்களைக் கொண்ட சிறிய நிலையமாக இருந்தது. 1961இல் அங்கு வந்து சேர்ந்த இரு வைத்தியர்களே அதன் வளர்ச்சிக்குக் காரணராயினர். ஒருவர் இத்தாலியின் பெசானா என்னும் ஊரைச் சேர்ந்த பியேரோ கோர்ட்டி (1925 - 2003). மற்றவர் கனடாவின் மொன்றியல் நகரைச் சேர்ந்த லூசில் டீஸ்டேல் (1929 - 1996).

லூசில் 1955இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, கியூபெக் மாகாணத்தின் முதற் பெண் சத்திரசிகிச்சை நிபுணர்களுள் ஒருவரானவர். பெண்ணொருவர் சத்திரசிகிச்சைத் துறையில் உயர்பயிற்சி பெறுவதற்குத் தடைகள் பல இருந்த காலம் அது. மொன்றியலில் உள்ள சிறுவர் வைத்தியசாலையொன்றிலேயே இருவரும் முதலில் சந்தித்தனர். இரு மாதங்கள் மட்டும் உதவுமாறு கோர்ட்டி விடுத்த அழைப்பை ஏற்று லாச்சோருக்கு வந்த லூசில், எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். 1961 டிசெம்பரில் வைத்தியசாலையின் சிற்றாலயத்தில் அவர்களுடைய திருமணம் நடைபெற்றது. அடுத்த ஆண்டு ஒக்ரோபரில் உகண்டா சுதந்திரமடைந்தது.

இருவரும் பணியைப் பகிர்ந்துகொண்ட முறையே வைத்தியசாலையின் அமைப்பைத் தீர்மானித்தது. லூசில் சத்திரசிகிச்சைக் கூடத்தையும் நோயாளரையும் பொறுப்பேற்றார். அவர் தம் வாழ்நாளில் 13,000க்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைச் செய்தார் எனக் கூறப்படுகின்றது. கோர்ட்டியோ கட்டடம், நீர், மின்சாரம், மருந்து, பணம் ஆகியவற்றைத் தேடுபவராக விளங்கினார். இத்தாலியில் இருந்த உறவினரும் நண்பரும் நன்கொடையாளரும் அவருடைய கடிதங்களுக்குச் செவிசாய்த்தனர். கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலாக வெளிநாட்டில் தொண்டாற்ற இத்தாலியச் சட்டம் அளித்த வாய்ப்பைப் பயன்படுத்தி, இளம் வைத்தியர் பலர் லாச்சோருக்கு வந்து பணிபுரிந்தனர். இயன்றவரை சிறந்த சிகிச்சையை இயன்றவரை குறைந்த செலவில் மிகப் பெருந்தொகையினருக்கு அளிப்பதே கோர்ட்டி வகுத்த கோட்பாடாகும். ஏழைகளுக்கு எது கிடைத்தாலும் போதும் என்ற மனப்பாங்கை இக்கோட்பாடு அடியோடு மறுப்பது கவனிக்கத்தக்கது.

பயிற்சியும் உள்ளூர் ஆளணியும்

1971 சனவரியில் இடி அமீன் ஆட்சியைக் கைப்பற்றினார். 1972இல் ஆசிய வம்சாவளியினர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதுடன் வணிகமும் விநியோகமும் சீர்குலைந்தன. கற்றோர் பலரும் நாட்டைவிட்டு நீங்கினர். அரச வைத்தியசாலைகளில் மருந்தும் ஆளணியும் அருகின. வெளிநாட்டு வைத்தியர்களையே நம்பிய ஒரு நிறுவனம் எந்நேரத்திலும் மூடப்படலாம் என்பதை இச்சூழல் உணர்த்திற்று. இந்நிலையிலேயே 1973இல் லாச்சோரில் தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டது. அப்பாடசாலையில் பயின்ற அச்சோலி இளைஞரும் யுவதியரும் பின்னர் அவ்வைத்தியசாலையின் முதுகெலும்பாயினர்.

அடுத்த படி 1983இல் எடுத்து வைக்கப்பட்டது. வைத்தியப் பட்டதாரிகள் உள்ளகப் பயிற்சி பெறும் இடமாக லாச்சோர் இயங்கத் தொடங்கியது அவ்வாண்டிலேயாகும். தலைநகரில் கற்ற இளம் வைத்தியர் கிராமப்புறத்துக்கு வந்து, அங்குள்ள நோய்களையும் அங்குள்ள வசதிகளையும் கொண்டு தொழிலைப் பயில இது வழிசெய்தது. முதலில் வந்தோருள் ஒருவர் கிட்கும் பகுதியைச் சேர்ந்த மத்தியூ லுக்வியா (1957 - 2000). வறிய அச்சோலிக் குடும்பத்திற் பிறந்து, புலமைப்பரிசில்களின் துணையுடன் வைத்தியரானவர் அவர். பின்னர் லிவர்பூல் வெப்பவலய வைத்தியக் கல்லூரியில் உயர்கல்வி பெற்று, அங்கு பணியாற்றும் வாய்ப்புக் கிட்டியபோதும் லாச்சோருக்கே மீண்டார். காலப்போக்கில் வைத்தியசாலையின் வைத்திய அத்தியட்சகராகவும் உயர்ந்தார்.

லுக்வியா கத்தோலிக்கரல்லர், புரட்டஸ்தாந்தர். கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குரிய வைத்தியசாலையின் தலைமைப் பொறுப்பு மற்றொரு சபையைச் சேர்ந்த ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டமை சிறிய செய்தியன்று. வடபகுதியில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்தப் பிரிவினை சமயத்தோடு நில்லாது கட்சி அரசியலிலும் ஊடுருவியிருந்த நிலையில், ஆற்றலை அளவுகோலாகக் கொண்ட இத்தெரிவு அந்நிறுவனம் தன் பணியை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைக் காட்டுகின்றது.

போர்க்காலம்

1979இல் தன்சானியப் படையினரும் உகண்டா விடுதலைப் படையினரும் அமீனின் ஆட்சியை வீழ்த்தினர். அக்காலத்தில் காயமுற்ற போர்வீரர் பலருக்கு லூசில் சத்திரசிகிச்சை செய்தார். சிதறிய எலும்புத் துண்டுகள் கையுறையைக் கிழித்து விரல்களைக் காயப்படுத்துவது அவ்வேலையில் வழமையாக இருந்தது. எயிட்ஸ் என்ற பெயரையே உலகம் அறிந்திராத காலம் அது. 1985இல் நிகழ்த்திய பரிசோதனையிலேயே அவர் எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளானமை தெரியவந்தது. சத்திரசிகிச்சையின்போதே அது தொற்றியதென்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவாகும். நோயறிந்த பின்னரும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்த அவர், உடல் இடங்கொடுத்தவரை பணியைக் கைவிடவில்லை. 1986இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் சசகாவா விருது கணவன் மனைவி இருவருக்கும் வழங்கப்பட்டது. 1993இல் வைத்தியசாலைக்கு நிலையான நிதியாதரவு திரட்டும் பொருட்டு இத்தாலியில் கோர்ட்டி மன்றம் நிறுவப்பட்டது. தாம் இல்லாத காலத்தையும் கருதிச் செய்த ஏற்பாடாக இதனைக் கொள்ளலாம். 1996 ஓகஸ்ட் 1ஆம் திகதி லூசில் இத்தாலியில் காலமானார். அவரது உடல் லாச்சோரிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது.

1986இல் முசேவேனி ஆட்சிக்கு வந்ததன் பின்னர் வடபகுதி இரு தசாப்தங்கள் போர்க்களமாயிற்று. ஜோசப் கோனியின் தலைமையிலான கடவுளின் எதிர்ப்புப் படை கிராமங்களைத் தாக்கிச் சிறுவர்களைக் கடத்தியது. அரசாங்கமோ மக்களை முகாம்களுக்குள் ஒதுக்கியது. 2005 அளவில் வட உகண்டாவில் இடம்பெயர்ந்தோர் தொகை 18 இலட்சத்தை எட்டியிருந்தது. வைத்தியசாலை இரு தரப்பினருக்கும் இடையில் நின்றது. மருந்தும் பணமும் தேடிக் கிளர்ச்சியாளர் பல தடவை அதனுட் புகுந்தனர். 1989 பெரிய வெள்ளிக் காலத்தில் அருட்சகோதரிகளைக் கடத்திச் செல்ல அவர்கள் முற்பட்டபோது, அச்சகோதரிகளுக்குப் பதிலாகத் தன்னைக் கொண்டுசெல்லுமாறு லுக்வியா முன்வந்தார். ஏறத்தாழ ஒரு வார காலம் அவர்களுடன் காடுகளில் அலைந்த பின்னரே அவர் விடுவிக்கப்பட்டார்.

இருள் சூழ்ந்ததும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து தாய்மாரும் பிள்ளைகளும் பாய்களைச் சுமந்துகொண்டு வைத்தியசாலை வளவுக்குள் வந்து படுத்துறங்கி, விடிந்ததும் மீண்டும் வயல்களுக்குச் சென்றனர். போர் உச்சமடைந்த காலங்களில் இவ்வாறு தங்கியோர் ஓரிரவிற் பல்லாயிரவராவர். விறாந்தைகளும் மரநிழல்களும் முற்றங்களும் உறங்குமிடங்களாயின. இவர்களுட் பெரும்பாலானோர் நோயாளர் அல்லர். ஆயினும் அவர்கள் வெளியேற்றப்படவில்லை. உயிரைக் காப்பதே வைத்தியசாலையின் கடன் எனின், மருந்தின் எல்லைக்கு அப்பாலும் அக்கடன் நீள்கின்றது என்பதை நிர்வாகம் நடைமுறையில் ஏற்றுக்கொண்டது.

எபோலாச் சோதனை

2000ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில் லுக்வியா பொதுச் சுகாதாரத்தில் உயர்கல்வி பெறும் பொருட்டுக் கம்பாலாவில் தங்கியிருந்தார். லாச்சோரில் தாதிய மாணவர் சிலர் இனங்காண முடியாத நோயினால் மாண்ட செய்தி, அப்போது பொறுப்பில் இருந்த வைத்தியர் சிப்பிரியன் ஒப்பிராவினால் அவருக்கு அறிவிக்கப்பட்டது. உடனே திரும்பிய லுக்வியா நோயாளரின் ஏடுகளை இரவிரவாக ஆராய்ந்து, இது குருதிப் பெருக்குடன் கூடிய வைரசுக் காய்ச்சலாகலாம் என ஐயுற்றார். சுகாதார அமைச்சுக்கு அறிவித்ததோடு, ஆய்வுகூட முடிவு வருமுன்னரே தனிமைப்படுத்தும் விடுதியொன்றையும் அமைத்தார். அம்மாத நடுப்பகுதியில் தென்னாபிரிக்க ஆய்வுகூடம் அது எபோலா நோயே என உறுதிப்படுத்தியது. உகண்டாவில் அந்நோய் இனங்காணப்பட்டது அதுவே முதற்றடவையாகும்.

எபோலா நோயாளரின் குருதி, வாந்தி முதலிய உடற்கழிவுகளின் வாயிலாகப் பரவுவது. எனவே நோயாளருக்கு மிக நெருங்கிப் பணிபுரியும் தாதியரே முதலில் அதற்கு இரையாகின்றனர். லாச்சோரில் பத்துக்கும் மேற்பட்ட பணியாளர் உயிரிழந்தனர். நவம்பர் இறுதியில் அச்சமுற்ற தாதியர் ஒன்றுதிரண்டு, வைத்தியசாலையை மூடிவிட வேண்டும் எனக் கோரினர். அவர்களுடைய கோரிக்கையிலும் நியாயம் இருந்தது. பாதுகாப்பு உடைகளை அணிந்தும் தோழர்கள் மடிவதை அவர்கள் கண்டிருந்தனர். லுக்வியா அவர்களுடன் நீண்ட நேரம் உரையாடினார், எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. வைத்தியசாலை மூடப்பட்டால் நோயாளர் வீடுகளுக்குச் சென்று கிராமங்களிலே நோயைப் பரப்புவர் என்பது அவரது நிலைப்பாடாக இருந்தது. பெரும்பாலானோர் பணிக்குத் திரும்பினர்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், நோயுற்ற தாதியொருவரின் நிலை இரவில் திடீரென மோசமடைந்தபோது லுக்வியா உதவிக்கு விரைந்தார். கையுறை, முகமூடி, மேலங்கி ஆகியவற்றை அணிந்திருந்த அவர் கண்காப்புக் கண்ணாடியை அணிந்திருக்கவில்லை. அவ்வேளையிலேயே தொற்று ஏற்பட்டிருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. 2000 டிசெம்பர் 5ஆம் திகதி அவர் உயிர்நீத்தார். அவரது உடல் லூசிலின் கல்லறைக்கு அருகே அடக்கஞ் செய்யப்பட்டது. 2001இன் முற்பகுதியில் தொற்று முற்றாக நின்றபோது, உகண்டாவில் நோயுற்றோர் தொகை 425 ஆகவும் இறந்தோர் தொகை 224 ஆகவும் பதிவாகியிருந்தன. மேற்கு ஆபிரிக்காவில் 2014இல் உலகின் கவனத்தை ஈர்த்த பெருந்தொற்றுக்கு முன்னர் பதிவான எபோலாத் தொற்றுகளுள் இதுவே மிகப் பெரியதாகும். குலுவின் அரச வைத்தியசாலையும், உலக சுகாதார ஸ்தாபனமும், வெளிநாட்டு நிபுணரும் இதனைக் கட்டுப்படுத்துவதிற் பங்கேற்றனர். ஆயினும் நோயை முதலில் ஐயுற்று எச்சரித்தோர் அவ்வைத்தியசாலையிலேயே இருந்த உகண்டா நாட்டு வைத்தியராவர். கையளிப்பின் உண்மை இங்கேதான் சோதிக்கப்பட்டது. கோர்ட்டி அப்போது முதுமையுற்றிருந்தார். லூசில் மறைந்து நான்கு ஆண்டுகளாகியிருந்தன. தீர்மானங்களை எடுத்தவரும், அவற்றின் விலையைச் செலுத்தியவரும் அம்மண்ணின் மக்களே.

பணி நோக்கும் அதன் எல்லைகளும்

2003இல் பியேரோ கோர்ட்டி காலமாகி, மனைவியின் அருகே லாச்சோரில் அடக்கஞ் செய்யப்பட்டார். 2006இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதைத் தொடர்ந்து மக்கள் படிப்படியாக ஊர் திரும்பினர். ஒப்பிரா உள்ளிட்ட உகண்டா நாட்டவரின் தலைமையில் வைத்தியசாலை தொடர்ந்து இயங்கியது. ஏறத்தாழ 480 கட்டில்களைக் கொண்ட பெரிய நிறுவனமாக அது வளர்ந்துள்ளது. அமுரு, ஒப்பிட், பாபோ ஆகிய இடங்களில் அதன் கிளைச் சுகாதார நிலையங்கள் அமைந்தன. குலுப் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீட மாணவருக்கும் அது பயிற்சிக் களமாயிற்று. மக்கரரேயிலிருந்து வைத்தியரை எதிர்பார்த்த வடபகுதி தனது வைத்தியரைத் தானே உருவாக்கும் நிலையை எய்தியமை சிறப்பாக நோக்கத்தக்கது.

எனினும் இவ்வரலாற்றைக் குறையற்ற வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. முதலாவதாக, நிதி விடயத்தில் கையளிப்பு நிறைவேறவில்லை. சிகிச்சைக் கட்டணங்கள் மிகக் குறைவாகவே வைக்கப்பட்டுள்ளன. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இன்னுங் குறைவாகவே செலுத்துகின்றனர். இதனால் நோயாளர் செலுத்தும் பணம் மொத்தச் செலவின் சிறு பகுதியையே ஈடுசெய்கின்றது. அரச உதவியும் போதியதன்று. எஞ்சியதை இத்தாலியிலும் கனடாவிலும் உள்ள மன்றங்களும் பிற நன்கொடையாளரும் வழங்குகின்றனர். தூரதேசத்து நன்கொடையாளரின் மனம் மாறினால் விடுதியொன்று மூடப்படலாம் என்ற நிலை நீடிக்கும்வரை கையளிப்பு முழுமை பெற்றதென்று கூறவியலாது. ஆயின் கட்டணத்தை உயர்த்தித் தன்னிறைவு காண்பதாயின், எவருக்காக அவ்வைத்தியசாலை எழுந்ததோ அவர்களே வாயிலில் நின்றுவிடுவர். இம்முரண்பாடு லாச்சோருக்கு மட்டும் உரியதன்று. வறிய மக்களுக்குப் பணிபுரியும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது.

இரண்டாவதாக, சிறந்த மிஷன் வைத்தியசாலை ஒன்று இருப்பது அரசாங்கத்தைத் தன் கடமையிலிருந்து விடுவித்துவிடுமன்றோ என்னும் ஐயமும் எழுகின்றது. இவ்வையம் முற்றிலும் தவறானதன்று. ஆயினும் அமீன் காலத்திலும் போர்க்காலத்திலும் வடபகுதியில் அரச சுகாதார சேவை வலுவிழந்திருந்தமைக்கு லாச்சோர் காரணமன்று. மாறாக, அச்சேவை மீண்டும் எழுவதற்கு வேண்டிய தாதியரையும் வைத்தியரையும் பயிற்றிக் காத்ததில் அதற்குப் பங்குண்டு. மிஷன் வைத்தியசாலை அரசாங்கத்துக்கு மாற்றாக அமையாமல், அரசாங்கம் வருமளவும் ஆற்றலைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக அமைதலே விரும்பத்தக்கது.

மூன்றாவதாக, நினைவுகூரலில் உள்ள சமனின்மையும் சுட்டத்தக்கது. கோர்ட்டி தம்பதியரின் பெயரும் லுக்வியாவின் பெயரும் உலகறிந்தவை. அவர்களோடு 2000இல் மாண்ட தாதியரதும் சிற்றூழியரதும் பெயர்கள் அவ்வாறு பரவவில்லை. ஒரு நிறுவனம் தனிமனிதரால் எழலாம்; ஆனால் பலர் அதனைத் தமதென ஏற்கும்போதே நிலைபெறுகின்றது. நவம்பர் மாத இறுதியில் அச்சத்தோடு பணிக்குத் திரும்பிய அத்தாதியர் இல்லாதிருப்பின், லுக்வியாவின் அறிவும் லூசிலின் உழைப்பும் அந்நாளோடு முடிந்திருக்கும்.

முடிவுரை

கொம்போனி 1864இல் எழுதிய கருத்து, லாச்சோரில் 1973இல் ஒரு தாதியர் பாடசாலையாகவும், 1983இல் பயிற்சி வைத்தியரின் வருகையாகவும், 2000இல் ஒரு கொடிய நோயை எதிர்த்து நின்ற ஆளணியாகவும் உருப்பெற்றது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நீண்ட இப்பாதையில் நிறுவியோரின் தியாகம் தொடக்கமாகவே அமைந்தது. வந்தவர் எவ்வளவு காலம் தங்கினார் என்பதைவிட, அவர் இல்லாதபோது விடுதியின் விளக்கை ஏற்றுபவர் எவர் என்பதே பணியின் அளவுகோலாதல் வேண்டும். மனிதரைப் பொறுத்தவரை லாச்சோர் அவ்வளவுகோலில் தேறியுள்ளது. பணத்தைப் பொறுத்தவரை இன்னும் தேறவேண்டியுள்ளது. கிராமப்புற மக்களின் உடல்நலத்தைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் இவ்விரண்டையும் சேர்த்தே கருத்திற்கொள்ளல் வேண்டும்.